அக்கா போட்ட ஒற்றை நட்சத்திரம்

என் அக்கா தமிழ்ச்செல்விக்கு எந்தப் பதவியும் கிடையாது. தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் போகிற வழியில், எட்டுக்குப் பத்து அடியில் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தெருவில் ஒருவர் செல்போனில் மிக்சி வாங்க வேண்டுமென்றால், பட்டனை அமுக்குவதற்கு முன்னால் கடை வாசலில் வந்து நின்று, இது நன்றாக இருக்குமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் அமுக்குவார். அரசாங்க ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களும் கேட்பார்கள், அவர்களுக்கு டீ கொண்டுபோகிறவரும் கேட்பார். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். இப்படிப் பெருமையாகச் சொல்வதற்கு முன்னால் அவளோடு நாலு மாதம் பேசாமல் இருந்தவனும் நான்தான்.

என் பெயர் அழகுபாண்டி, அவளுக்கு மூன்று வயது இளையவன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். எங்களுக்குப் பூர்வீகம் செக்கானூரணிக்கு மேற்கே ஒரு கிராமம். அக்கா கல்யாணமாகி மதுரைக்கு வந்தாள், நான் பிழைப்பைத் தேடி வந்தேன். அக்கா வீட்டுக்காரர் உக்கிரபாண்டி மாமா மினிபஸ் ஓட்டுகிறார். பேச்சு குறைவான மனிதர். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அக்காவே பேசிவிடுவதால் அவருக்கு அந்தச் சிரமம் இல்லை.

கடை திறந்தபோது அக்கா வாங்கியது ஒரு பழைய கம்ப்யூட்டர். அதை மாட்டிக் கொடுக்க வந்த ஆள், எல்லா சாப்ட்வேரையும் கிராக் போட்டு இறக்கித் தருகிறேன், முந்நூறு ரூபாய் கொடுத்தால் போதும் என்றான். அன்றைக்குப் பெரும்பாலான கடைகளில் அதுதான் வழக்கம். காசு கொடுத்து சாப்ட்வேர் வாங்குகிறவனைப் பார்த்தால் சிரிப்பார்கள். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். அதனால் திரையின் ஓரத்தில், இது இன்னும் முறையாக வாங்கப்படவில்லை என்கிற மாதிரி ஒரு வரி மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. மூன்று வருஷம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே பத்திரமும் மனுவும் அடித்தாள். வக்கீல் குமாஸ்தாக்கள் அதைக் காட்டிக் கிண்டல் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். காசு கேட்பது அதைச் செய்தவன் உரிமை, இப்போது என்னிடம் இல்லை, இருக்கும்போது கொடுப்பேன் என்பாள். கொடுக்கவும் செய்தாள். அந்த வரி மறைந்த அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்குத் திரையின் ஓரத்தைக் காட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததைக் காட்டிக் கேசரி கொடுத்த பொம்பளை மதுரையிலேயே என் அக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கடன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று போன் வந்தால் நாமெல்லாம் திட்டிவிட்டு வைப்போம். அக்கா வைக்க மாட்டாள். எந்த ஊர் தம்பி, சம்பளம் ஒழுங்காகத் தருகிறார்களா, என் நம்பரை உனக்கு யார் கொடுத்தது என்று ஒவ்வொன்றாக விசாரிப்பாள். ஒருமுறை அப்படிக் கூப்பிட்டவன், வேறு வேலை தேடுகிறேன் அக்கா என்று சொல்லி, கடைசியில் தன் பயோடேட்டாவை இவளிடமே அடித்து வாங்கிக்கொண்டான். கூப்பிடுகிறவன் பிழைப்புக்குக் கூப்பிடுகிறான், நம் நம்பரை அவனுக்கு விற்றவன்தான் திருடன் என்பது அவள் கட்சி.

குறுஞ்செய்தியாக வருகிற மோசடிகளிடம் மட்டும் இந்த இரக்கமெல்லாம் கிடையாது. கரண்ட் கட் ஆகப்போகிறது, பேங்க் கணக்கு முடங்கப்போகிறது, பரிசு விழுந்திருக்கிறது என்று எது வந்தாலும் பிரிண்ட் எடுத்து, எந்த இடத்தில் பொய் தெரிகிறது என்று சிவப்பு மையில் கோடு போட்டு, கடைச் சுவரில் ஒட்டிவிடுவாள். ஜெராக்ஸுக்கு நிற்கிறவர்கள் வேறு வழியில்லாமல் அதைப் படிப்பார்கள். பக்கத்து வீட்டு கனகலட்சுமி அக்காவுக்கு ஒருநாள் கரண்ட் கட் ஆகும் என்று செய்தி வந்து, பதறிப்போய் அதில் இருந்த லிங்கில் கையை வைக்கப் போயிருக்கிறார். அதே வாசகத்தைச் சுவரில் படித்த ஞாபகம் வந்து போனைக் கீழே வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு எந்த பார்சல் வந்தாலும் அக்கா முன்னால் வைத்துத்தான் பிரிப்பார்கள்.

எங்கள் சொந்தக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. இருநூற்றுச் சொச்சம் பேர், அட்மின் நான். புதுப்படம் வந்த மறுநாளே யாராவது ஒரு மச்சான் அதில் திருட்டு லிங்க் அனுப்புவான். எல்லோரும் கும்பிடு போட்டு வாங்கிக்கொள்வார்கள். அக்கா மட்டும், நம்ம சித்தப்பா மகன் கருப்பு, சினிமா ஷூட்டிங்கில் லைட் தூக்குகிறானே, அவன் கூலியும் இதில்தானே இருக்கிறது என்று எழுதுவாள். அதற்குப் பிறகு அரைமணி நேரம் குரூப்பில் ஆள் அரவம் இருக்காது. லிங்கை அழிக்கவும் மாட்டார்கள். நானும் அதில் படம் பார்த்தவன்தான்.

அவள் பெயர் வெளியே தெரிந்தது இதனாலெல்லாம் இல்லை. ஆன்லைனில் வாங்கிய பொருள்களுக்கு அவள் எழுதுகிற கருத்துகளால்தான். மற்றவர்கள் பொருள் வந்த அன்றே சூப்பர் என்றோ மோசம் என்றோ எழுதிவிடுவார்கள். அக்கா ஒரு மாதம் புழங்கிப் பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டாள். சொந்தக் காசில் வாங்காத பொருளுக்கும் எழுத மாட்டாள். எழுதுவதும் மனு அடிக்கிற கையாச்சே, நறுக்கென்று இருக்கும். ஒரு குக்கருக்கு, "விசில் நன்றாக வருகிறது. ஆனால் மூடி, திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் அடம் பிடிக்கிறது. வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஆகாது" என்று எழுதினாள். அந்தக் கருத்து உதவியாக இருந்தது என்று ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் அமுக்கியிருக்கிறார்கள். எங்கேயோ கோயம்புத்தூரில் இருக்கிறவர்கள், சேலத்தில் இருக்கிறவர்கள். தெரியாதவர்கள் என் அக்கா பேச்சைக் கேட்டு நடக்கிறார்கள் என்று நான் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் திரிந்த காலம் அது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

போன வருஷம் நானும் ஆன்லைனில் விற்கத் தொடங்கினேன். அழகு கிச்சன்வேர் என்று பெயர் வைத்து, எவர்சில்வர் முறுக்கு உரலை மட்டும் போட்டேன். வடக்கே ஒரு மொத்த வியாபாரியிடம் எண்ணூற்றுச் சொச்சம் உரல் பெட்டி பெட்டியாக இறக்கினேன். பார்க்கப் பளபளவென்று இருக்கும். முறுக்கு, இடியாப்பம், ஓமப்பொடி என்று தனித்தனித் துளை போட்ட ஆறு சில்லு அதோடு வரும். எது வேண்டுமோ அந்தச் சில்லை உரலின் அடியில் போட்டுப் பிழிய வேண்டியதுதான். தீபாவளிக்குள் முழுதும் விற்றுவிட்டால் கடையைப் பெரிதாக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஆனால் ஆன்லைனில் நட்சத்திரம் இல்லாத கடையை ஒருவனும் எட்டிப் பார்க்க மாட்டான். வாங்கினவர்தான் நட்சத்திரம் போட முடியும், நட்சத்திரம் இருந்தால்தான் வாங்குவார்கள். இதில் எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் செய்முறை என்பது சின்ன விஷயம் இல்லை. காதுகுத்தோ கல்யாணமோ, மொய்ப் பணமாகவோ சீராகவோ நீ எனக்குச் செய்தால் நான் உனக்குச் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டவனுக்கு ஊரில் முகம் கிடையாது. இருபது வருஷமாக எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் நான் செய்திருக்கிறேன். திரும்ப வாங்க என் வீட்டில் விசேஷம் எதுவும் வரவில்லை.

உடனே குரூப்பில் பத்திரிகை மாதிரியே ஓரத்தில் மஞ்சள் வைத்துப் படம் போட்டேன். "ஆன்லைன் கடை திறப்பு விழாவை நம் வீட்டு விசேஷமாக நினைத்து, ஆளுக்கொரு முறுக்கு உரல் வாங்கி, ஐந்து நட்சத்திரம் போட்டு, அதையே செய்முறையாகச் செய்யும்படி அன்புடன் அழைக்கிறேன்." எங்கள் ஆட்களைப் பற்றி என்ன சொல்ல, ஒரே வாரத்தில் இருநூறுக்கு மேல் உரல் போனது. இருநூறு பேரும் ஐந்து போட்டார்கள். செக்கானூரணி சோலையம்மாள் சின்னம்மா, எங்கள் அம்மாவின் தங்கை, முதல் ஆளாக இரண்டு உரல் வாங்கினார். ஒரு மாமா சாப்பாடு அருமை என்று எழுதியிருந்தார். இன்னொருவர் நூறாண்டு வாழ்க என்று உரலை வாழ்த்தியிருந்தார். நான் அத்தனையையும் படித்துப் படித்துப் பூரித்துப் போனேன்.

அக்கா மட்டும் போடவில்லை. நானே போன் செய்து, சும்மா ஒரு உரல் அனுப்புகிறேன், பார்த்துவிட்டுப் போடு என்றேன். சும்மா வேண்டாம் என்று சொல்லி, எல்லோரையும் போலக் காசு கட்டி ஆர்டர் போட்டாள். எனக்குச் சந்தோஷம். அக்கா ஒரு வார்த்தை நல்லதாக எழுதினால் இருநூறு பேர் எழுதியதற்குச் சமம், அது வெளியூர்க்காரர்களை இழுத்துவரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் காத்திருந்தேன்.

தீபாவளிக்கு இருபத்தைந்து நாள் இருக்கும்போது அது வந்தது.

"பார்க்க அழகு. பிடி கைக்கு அடக்கம். இருபத்தோராம் நாள் இடியாப்பத்தில் எவர்சில்வர் பிசிறு ஒன்று வந்தது. இருபத்தாறாம் நாள் இன்னொன்று. சில்லின் துளைகளை ஓட்டையிட்ட பிறகு தேய்த்து மழிக்காமல் விட்டிருக்கிறார்கள். தீக்குச்சியின் அருகில் வைத்துப் படம் எடுத்து இணைத்துள்ளேன். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறேன், அதற்குக் குறைவாகப் போட இதில் வழியில்லை."

கீழே தமிழ்ச்செல்வி, மதுரை. விற்கிறவன் தன் தம்பி என்று அதில் அவள் எழுதவில்லை. என்னை ஊருக்கு முன்னால் கூனிக் குறுக வைக்கக் கூடாது என்று விட்டிருப்பாள். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. இரண்டே நாளில் அந்தக் கருத்து எல்லோருக்கும் மேலே போய் உட்கார்ந்துகொண்டது. மூன்றாம் நாள் ஆர்டர் நின்றது. நாலாம் நாள் நான் வண்டியை எடுத்துக்கொண்டு தல்லாகுளம் போனேன்.

அக்கா ஒரு பெரியவருக்குப் பட்டா மாறுதல் மனு அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து உட்கார் என்று கண்ணைக் காட்டினாள். அடித்து முடித்து, பிரிண்ட் எடுத்து, அவருக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, அவரை அனுப்பிய பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். அதற்குள் எனக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது.

"ஊரே அஞ்சு போட்டிருக்கு. கூடப்பொறந்தவ நீ ஒன்னு போட்டிருக்க. நல்லாருக்காக்கா?"

"ஊர்ல எத்தன பேரு பிழிஞ்சு பாத்தாக?" என்றாள்.

எழுதுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவள் போனை எடுத்துக் காட்டினாள். எனக்கு மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். முதல் இரண்டு தடவை நான் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, சேல்ஸ் நேரம், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்தது ஞாபகம் வந்தது. அப்புறம் நான் கூப்பிடவே இல்லை. தப்பு நம் பக்கம் என்று தெரிந்த பிறகு வருகிற கோபம் இருக்கிறதே, அதற்குக் கண்மண் தெரியாது. கிட்டங்கியில் அறுநூறு உரல் கிடக்கிறது, வட்டிக்கு வாங்கிப் போட்டிருக்கிறேன், இந்தத் தீபாவளியை விட்டால் நான் எழுந்திருக்க மாட்டேன், அதை அழித்துவிடு என்று கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவள் கண் கலங்கிவிட்டது. ஆனால் குரல் அசையவில்லை.

"அழிச்சா சில்லுல இருக்குற பிசிறு போயிருமா அழகு?"

"எனக்குன்னு ஒரு செய்முறை இருக்குல்ல? ஊருக்கெல்லாம் செய்யிற, எனக்குச் செய்ய மாட்டியா?"

"ஒனக்கு என்ன செய்யணும்னாலும் செய்வேன். எங்கழுத்துல கெடக்குறத வேணும்னாலும் கழட்டித் தாரேன், கொண்டுபோயி வச்சுக்க. ஆனா நான் எழுதுறதப் படிச்சிட்டு எவளோ ஒருத்தி தன் பிள்ளைக்குப் பிழிஞ்சு குடுப்பா. அதுல செய்முறை செய்ய மாட்டேன்."

டீ வாங்கி வைத்திருந்தாள். குடிக்காமல் எழுந்து வந்தேன். எங்கள் பக்கத்தில் அப்படிக் கை நனைக்காமல் வந்தால் உறவை முறித்துக்கொண்டதாக அர்த்தம், அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து செய்த முதல் வேலை, குரூப்பில் இருந்து அக்காவைத் தூக்கினேன். நாற்பத்து மூன்று வயது ஆம்பளை செய்கிற காரியமா என்று இப்போது கேட்கலாம். அன்றைக்கு அது எனக்கு ஒரு பெரிய வெற்றியாக இருந்தது.

பிறகு சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். அக்கா எழுதியதற்குக் கீழே, எங்கள் வீட்டில் பிசிறு எதுவும் வரவில்லை, உரல் தங்கம் என்று எழுதச் சொன்னேன். எல்லோரும் ஆகட்டும் மாப்ள, எழுதிருவோம் மாப்ள என்றார்கள். ஒரு வாரம் பார்த்தேன். ஒருவர்கூட எழுதவில்லை. எழுதத் தெரியாமல் இருக்கும் என்று நினைத்து, சோலையம்மாள் சின்னம்மாவை எழுதவைத்துவிட்டால் மற்றவர்களும் எழுதுவார்கள் என்று செக்கானூரணிக்குக் கிளம்பினேன்.

நான் போன நேரம் சின்னம்மா வீட்டுப் பின்னால் சட்டியை வைத்து முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். வாய்யா அழகு என்று வரவேற்று, சூடாக ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். பாதியைக் கடித்த பிறகுதான் அவர் கையில் இருந்த உரலைப் பார்த்தேன். பழைய பித்தளை உரல், இரண்டு கையாலும் அமுக்கித் திருகுவது. அவருக்கு மூச்சு வாங்கியது. நான் விற்ற உரல் இரண்டும் எங்கே என்று கண்ணால் தேடினேன். பரண் மேலே இருந்தன. பெட்டியில் ஒட்டிய டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை.

நான் அங்கே பார்ப்பதைச் சின்னம்மா பார்த்துவிட்டார். எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, மகள் வந்திருந்தபோது தமிழ்ச்செல்வி எழுதியதைப் போனில் வாசித்துக் காட்டியதாகச் சொன்னார்.

"கோவிச்சுக்கிடாதய்யா. ஒனக்குச் செய்ய வேண்டியத நான் மொத ஆளாச் செஞ்சுட்டேன், அதுல கொறை வைக்கல. ஆனா பிள்ளைக திங்கிறதுல தமிழு சொல்றதத்தான் கேப்பேன்."

மீதிப் பாதி முறுக்கு என் கையிலேயே இருந்தது. எழுதச் சொல்ல வந்தவன், எதையும் கேட்காமல் விடைபெற்றுக்கொண்டேன். அந்த ஊரிலேயே இன்னும் இரண்டு வீட்டுக்குப் போனேன். ஒரு வீட்டில் பெட்டி பிரிக்காமல் அரிசிப் பானைக்கு மூடியாக இருந்தது. இன்னொரு வீட்டில் வைஃபை பெட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் எனக்கு ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள். பாசத்தில் போட்டார்கள், அதில் பொய் இல்லை. அடுப்பு முன்னால் உட்கார்ந்தபோது அக்காவின் ஒரு நட்சத்திரத்தை நம்பினார்கள்.

வண்டியை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரி சுபலட்சுமி முறுக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நம் வீட்டு முறுக்கை எதில் பிழிந்தாய் என்று கேட்டேன். டப்பாவை மூடிவிட்டு, நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"தமிழ் மதினிகிட்ட அவுக பழைய உரலக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். நீங்க கடைக்குப் போனப்பதான் போயி வாங்குனேன்."

மாடியில் கிடந்த பெட்டி ஒன்றைப் பிரித்து, இடியாப்பச் சில்லை எடுத்தேன். சாமி விளக்குக்கு வைத்திருந்த பஞ்சில் கொஞ்சம் கிள்ளி, துளைகளின் மேல் ஒரு இழுப்பு இழுத்தேன். பஞ்சு துளைக்குத் துளை மாட்டிக்கொண்டு நின்றது. இருபது வருஷமாகப் பாத்திரம் விற்கிறவன் நான். ஒரு குடத்தின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தே எந்தப் பட்டறைச் சரக்கு என்று சொல்லுவேன். பெட்டியோடு வாங்கிப் பெட்டியோடு விற்கிற வியாபாரம் என்பதால் இந்த உரலில் ஒரே ஒரு முறைகூட விரல் வைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அத்தனை நாளும் அக்கா மேல் இருந்த கோபமெல்லாம் என் மேலேயே திரும்பியது.

அன்று மத்தியானமே ஆன்லைனில் உரலை விற்பனையில் இருந்து எடுத்தேன். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. மொத்த வியாபாரி சரக்கைத் திரும்ப எடுக்க முடியாது என்றுவிட்டார். சில்லுகளை மூட்டை மூட்டையாகக் கட்டி, எங்கள் சந்துக்குப் பின்னால் இருக்கிற லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு துளையாகத் தேய்த்து மழித்து, வெந்நீரில் அலசி, பஞ்சு மாட்டாமல் வருகிறதா என்று நானே இழுத்துப் பார்த்து வாங்கினேன். பொங்கல் வரை அதுதான் வேலை. தீபாவளி போயே போய்விட்டது, சுபலட்சுமியின் இரண்டு வளையலும் பேங்குக்குப் போனது. ஏற்கெனவே உரல் வாங்கிய சொந்தங்களுக்கும், வெளியூரில் இருந்து வாங்கிய நாற்பது பேருக்கும் தேய்த்த சில்லுகளை அனுப்பி, பழையதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று ஒரு சீட்டும் வைத்தேன்.

அக்காவிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. முதலில் கோபத்தில் பேசாமல் இருந்தேன், பிறகு எந்த முகத்தோடு பேசுவது என்று பேசாமல் இருந்தேன். குரூப்பில் மட்டும் திரும்பச் சேர்த்துவிட்டேன். ஏன் தூக்கினாய் என்று அவள் கேட்கவில்லை. பென்ஷன் அட்டை புதுப்பிக்க என்று வருகிற லிங்கைத் தொடாதீர்கள் என்று வந்ததும் வராததுமாக ஒரு செய்தி போட்டாள். நாற்பது பேர் கும்பிடு போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன்.

தை பிறந்து உரலைத் திரும்ப விற்பனைக்கு வைத்தேன். அக்கா எழுதிய கருத்து அப்படியே உச்சியில் இருந்தது. அதை எடுக்கச் சொல்ல எனக்கு வாயும் இல்லை, மனசும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு ஆர்டர் வந்தது. தமிழ்ச்செல்வி, தல்லாகுளம். காசு முழுதும் கட்டியிருந்தாள். கிட்டங்கியில் நின்று, நன்றாகத் தேய்ந்த சில்லாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துப் பெட்டியில் வைத்தேன். அப்புறம் அதை எடுத்துத் திரும்பவும் குவியலில் கலந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நடுவில் கையை விட்டு எது வந்ததோ அதை அனுப்பினேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம். அந்த முப்பது நாளும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஒரு சில்லு தப்பியிருந்தாலும் தப்பியிருக்கலாம் என்ற நினைப்பு வந்துகொண்டே இருந்தது. அக்கா வீட்டில் இன்றைக்கு இடியாப்பமாக இருக்குமோ என்று காலையில் கடையைத் திறக்கும்போதே தோன்றும். போன் செய்து கேட்டுவிடு என்று சுபலட்சுமி சொன்னாள். கேட்டால் அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

முப்பத்தோராம் நாள், கடையில் ஒரு அம்மாவுக்கு இட்லிக் கொப்பரை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது போன் சத்தம் கொடுத்தது. அந்த அம்மாவை அப்படியே நிறுத்திவிட்டுப் படித்தேன்.

"முன்பு இதே உரலுக்கு ஒரு நட்சத்திரம் போட்டிருந்தேன். இப்போது திரும்பவும் காசு கொடுத்து வாங்கி ஒரு மாதம் பிழிந்து பார்த்தேன். ஆறு சில்லிலும் பிசிறு இல்லை. துளைகள் வழவழப்பாக இருக்கின்றன. முறுக்குச் சில்லைக் கழற்றும்போது மட்டும் கொஞ்சம் இறுகுகிறது. பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும் பயமில்லாமல் புழங்கலாம். நாலு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். விற்கிறவர் என் கூடப்பிறந்த தம்பி. அதனால் இதைப் படிக்கிறவர்கள் அதில் ஒன்றைக் குறைத்து, மூன்று என்று வைத்துக்கொள்ளவும்."

என் கடைக்கு இருநூறு பேர் போட்ட ஐந்து நட்சத்திரம் இருக்கிறது. வருகிறவர்களுக்கு நான் எடுத்துக் காட்டுவது இந்த மூன்றைத்தான்.